கதிரவனிலிருந்து பிய்ந்த துண்டா நம் பூமி? கோள்களின் பிறப்பைத் தேடிய வரலாறு



'பூமி எப்படித் தோன்றியது?' என்று நம்மிடையே உள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 'கதிரவனிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து வந்தது. அது ஆறிக் குளிர்ந்து பூமியானது' என்னும் விடையையே பலர் சொல்வார்கள். நம் தலைமுறை கேட்டு வளர்ந்த விடை அது. கேட்பதற்கு எளிது, மாணவர் மனத்தில் உடனே ஒரு படமாகப் பதிந்தும் விடும். ஆயினும், அறிவியல் உலகம் அந்த விடையைக் கைவிட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

படிநிலை இரண்டு மாணவர்களுக்குச் சூரிய மண்டலப் பாடத்தைக் கற்பிக்கும்போது கோள்களின் பெயர்களையும் வரிசையையும் சொல்லிக் கொடுக்கிறோம். அவை எப்படி வந்தன என்று கேட்கும் மாணவன் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இருக்கத்தான் செய்கிறான். பாடநூலுக்கு வெளியே இருந்து வரும் அந்தக் கேள்விக்கு நாம் தரும் விடை, அவன் உள்ளத்தில் வாழ்நாள் முழுதும் தங்கிவிடக் கூடும். ஆகவே, அந்த விடைக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருப்பது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

துண்டுக் கதையின் தோற்றம்

கதிரவனிலிருந்து துண்டு பிய்ந்தது என்னும் கருத்தை முதலில் விரிவாக எழுதியவர் பிரான்சு நாட்டின் இயற்கை அறிஞர் பூஃபோன். 1749இல் வெளிவந்த தம் இயற்கை வரலாற்று நூலில், ஒரு வால்மீன் கதிரவன்மேல் மோதியதால் சிதறிய பொருளே கோள்களாயிற்று என்று அவர் கூறினார். வால்மீன் என்பது கதிரவனோடு ஒப்பிடத் தகுதியற்ற மிகச் சிறிய பொருள் என்பது அக்காலத்தில் தெரியாது. எனினும், பூமியின் பிறப்பை இயற்கை விதிகளால் விளக்க முடியும் என்று துணிந்தவர் என்ற வகையில் அவரை நாம் மதிக்க வேண்டும். சமயக் கல்வியாளர்களின் எதிர்ப்பால், தம் கருத்துகள் சிலவற்றைத் திரும்பப் பெறுவதாக அவர் எழுதிக் கொடுக்கவும் நேர்ந்தது.

ஆறே ஆண்டுகளில் முற்றிலும் வேறான ஒரு விடை செருமானிய மொழியில் வந்தது. மெய்யியல் அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1755இல் தம் பெயரைக் குறிப்பிடாமலேயே ஒரு நூலை வெளியிட்டார். பரந்து கிடந்த துகள் கூட்டம் தன் ஈர்ப்பாலேயே திரண்டு, நடுவில் கதிரவனும் சுற்றிலும் கோள்களும் உருவாயின என்பது அவர் கருத்து. நூலை அச்சிட்டவர் பொருளிழந்து நொடித்துப் போகவே, படிகள் முடக்கப்பட்டன. அதனால் அந்நூல் நெடுங்காலம் பலர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

1796இல் பிரான்சின் கணித மேதை இலாப்பிலாசு இதையொத்த கருத்தைத் தனியாகவே வெளியிட்டார். அவர் சுட்டிக் காட்டிய உண்மையை நம் மாணவர்களும் புரிந்துகொள்ளலாம். கோள்கள் எல்லாம் ஒரே திசையில் கதிரவனைச் சுற்றுகின்றன. அவற்றின் பாதைகள் ஏறத்தாழ ஒரே தளத்தில் அமைந்துள்ளன. தற்செயலாக வந்து சேர்ந்தவை இப்படி ஒழுங்காகச் சுற்றுமா? எல்லாம் சுழலும் ஒரே முகிலிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்றார் இலாப்பிலாசு. முகில் குளிர்ந்து சுருங்கச் சுருங்க வேகமாகச் சுழன்று, வளையங்களைக் கழற்றி விட்டது. அவ்வளையங்களே கோள்களாயின என்பது அவர் விளக்கம்.

கணக்கு உதைத்தது

கைகளை விரித்துச் சுழலும் மாணவன் கைகளைச் சுருக்கிக்கொண்டால் இன்னும் விரைவாகச் சுழல்வான். சுழலும் பொருளுக்கு உள்ள இந்த இருப்பைக் கோண உந்தம் என்கிறோம். அது தானாகத் தோன்றவும் செய்யாது, மறையவும் செய்யாது.

இங்கேதான் இலாப்பிலாசின் கருத்துக்கு இடர் வந்தது. சூரிய மண்டலத்தின் மொத்தப் பொருண்மையில் 99.8 விழுக்காட்டுக்கும் மேல் கதிரவனிடமே உள்ளது. ஆனால், கோண உந்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அதனிடம் இல்லை. பெரும்பங்கு வியாழன் முதலிய கோள்களிடமே உள்ளது. முகில் சுருங்கிக் கதிரவன் ஆகியிருந்தால், அது ஒரு நாளுக்கும் குறைவான நேரத்தில் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள வேண்டும். உண்மையிலோ ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25 நாள் எடுத்துக்கொள்கிறது. கணக்கு இடித்தது, முகில் கொள்கை செல்வாக்கு இழந்தது.

அந்த இடைவெளியில் துண்டுக் கதை புதிய உடையில் திரும்பி வந்தது. சிக்காகோவைச் சேர்ந்த நிலவியலாளர் சேம்பர்லினும் வானியலாளர் மோல்ட்டனும் 1905 வாக்கில், கதிரவன் அருகே வேறொரு விண்மீன் கடந்து சென்றது என்றும், அதன் ஈர்ப்பு கதிரவனிடமிருந்து பொருளை இழுத்து வெளியேற்றியது என்றும் கூறினர். அப்பொருள் குளிர்ந்து சிறுசிறு பாறைத் திரள்களாகிப் பின்னர்க் கோள்களாகச் சேர்ந்தது என்பது அவர்கள் கருத்து. இங்கிலாந்தின் ஜேம்சு ஜீன்சும் ஹெரால்டு ஜெஃப்ரீசும் இதே வழியில் தத்தம் விளக்கங்களை எழுதினர். ஜீன்சு பொதுமக்களுக்காக எழுதிய நூல்கள் பெரும்புகழ் பெற்றவை. நம்மவர் சொல்லும் துண்டுக் கதையின் வேர் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

1939இல் அமெரிக்க வானியலாளர் இலைமன் இசுபிட்சர் அக்கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். கதிரவனின் உட்பகுதியிலிருந்து இழுக்கப்படும் வளிமம் கடும் வெப்பம் உடையது. அது திரண்டு உறையும் முன்பே விரிந்து சிதறி வெளியில் கலந்துவிடும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். பிய்ந்து வந்த துண்டு பூமியாகத் திரள வழியே இல்லை!

ஒரு கருத்து அறிவியல் உலகில் மறைந்த பிறகும் மக்கள் நாவில் வாழ்ந்துகொண்டே இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

மொழி எல்லைகளைக் கடந்த அறிவு

இதன் பின் நடந்தவை தமிழாசிரியர்களாகிய நமக்குத் தனிச்சுவை உடையவை.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1944இல், செருமானிய இயற்பியலாளர் வைட்சேக்கர் முகில் கொள்கையைப் புதுப்பித்து எழுதினார். பகை நாடுகளுக்கிடையே போர் மூண்டிருந்த காலம். ஆயினும் அக்கருத்து விரைவிலேயே அமெரிக்காவை எட்டியது. 1945இல் காமோவும் ஹைனெக்கும் அதனை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தனர். 1946இல் அதனை விரிவாக ஆய்ந்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னாளில், 1983இல், நோபல் பரிசு பெற்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகர்! விண்மீன்களின் இறுதிநிலை பற்றிய அவர் ஆய்வை நாம் அறிவோம். கோள்களின் பிறப்பு பற்றிய வரலாற்றிலும் அவருக்கு ஓரிடம் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டுகளில் மாசுகோவில் வேறொரு பள்ளி உருவாயிற்று. கணித அறிஞரும் வடதுருவப் பயணியுமான ஒட்டோ சிமித், கதிரவனைச் சூழ்ந்த குளிர்ந்த தூசியிலிருந்தே கோள்கள் உருவாயின என்று 1944இல் கூறினார். அவர் வழியில் வந்த விக்டர் சாஃப்ரனோவ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் தாளும் எழுதுகோலும் கொண்டே கணக்கிட்டார். தூசி எப்படிப் படியும், எப்படித் திரளும், திரள்கள் எவ்வளவு வேகத்தில் மோதும், பூமி அளவுக்கு ஒரு கோள் வளர எத்தனை ஆண்டு ஆகும் என்னும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை கண்டார். பூமி வளர ஏறத்தாழ 10 கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்பது அவர் கணிப்பு.

அவருடைய நூல் 1969இல் உருசிய மொழியில் வெளிவந்தது. 1972இல் அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. அமெரிக்காவின் ஜார்ஜ் வெதரில் சாஃப்ரனோவின் வழியை எடுத்துக்கொண்டு கணினியில் கணக்கிடத் தொடங்கினார். சப்பானின் கியோத்தோ நகரில் ஹயாஷியும் அவர் மாணவர்களும் மற்றொரு கோணத்தில் அதனை வளர்த்தெடுத்தனர். இன்றைய கோளியலின் அடித்தளங்களுள் ஒன்றாக அந்தச் சிறு நூல் நிற்கிறது.

பிரெஞ்சு, செருமானியம், உருசியம், ஆங்கிலம் என எத்தனை மொழிகளில் இந்த ஒரே கேள்வி சிந்திக்கப்பட்டிருக்கிறது, பாருங்கள்! தத்தம் மொழியில் சிந்தித்ததால் எவரும் பின்தங்கிப் போகவில்லை. அதே வேளையில், மொழிபெயர்ப்பு என்னும் பாலம் இல்லையென்றால் அந்தச் சிந்தனைகள் ஒன்றையொன்று சந்தித்திருக்கவும் மாட்டா.

இன்று நாம் அறிந்த விடை

இன்றைய விளக்கத்தை மாணவர்க்கு ஏற்ற எளிய நடையில் சுருக்கித் தருகிறேன்.

முதலில், விண்வெளியில் குளிர்ந்த வளிமமும் தூசியும் கலந்த பெருமுகில் ஒன்றின் ஒரு பகுதி தன் ஈர்ப்பால் சுருங்கியது. சுருங்கியபோது விரைவாகச் சுழன்றது. சுழன்றதால் தட்டையாக விரிந்தது. நம் ஊர்க் கடைகளில் ரொட்டி சானாய் போடுபவர் மாவை வீசிச் சுழற்றும்போது அது மெல்லிய தட்டாக விரிவதை மாணவர் எல்லாரும் பார்த்திருப்பார்கள். இரண்டுக்கும் காரணம் முழுதும் ஒன்றன்று என்றாலும், சுழற்சியும் தட்டையும் சேர்ந்து வருவதைக் காட்ட அந்த ஒப்புமை உதவும்.

நடுவில் திரண்டது கதிரவன் ஆயிற்று. இலாப்பிலாசைத் தடுமாற வைத்த கோண உந்தச் சிக்கலுக்கும் விடை கிடைத்தது. இளங்கதிரவனின் காந்தப்புலமும், அதிலிருந்து வீசிய மின்னேற்றத் துகள்களும் அதன் சுழற்சிக்குத் தடைக்கட்டையாக இருந்து வேகத்தைக் குறைத்தன. சுவீடனின் ஹான்சு ஆல்வேன் 1940களில் இக்காந்தத் தடையை எடுத்துரைத்தார்.

சுற்றியிருந்த தட்டில் தூசித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டின. கட்டிலுக்கு அடியில் பெருக்காமல் விட்ட தூசி உருண்டையாகச் சேர்வதை இல்லத்தில் காணலாம்; தொடக்கம் அது போன்றதுதான். பின்னர் அவை கிலோமீட்டர் கணக்கில் அகன்ற திரள்களாகி, தம் ஈர்ப்பால் மற்றவற்றை இழுத்து மோதி வளர்ந்தன.

கதிரவனுக்கு அருகே வெப்பம் மிகுதி. அங்கே நீரும் பிற எளிதில் ஆவியாகும் பொருள்களும் உறைய இயலவில்லை. பாறையும் உலோகமுமே திரண்டன. அதனால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகியவை பாறைக் கோள்கள் ஆயின. தொலைவில் பனிக்கட்டியும் சேர்ந்துகொண்டதால் பெரிய கருக்கள் உருவாயின. அவை சுற்றியிருந்த நீரியம், ஈலியம் ஆகிய வளிமங்களைக் கவர்ந்து வியாழனும் சனியும் ஆயின. வளிமத் தட்டு சில மில்லியன் ஆண்டுகளில் கலைந்துவிடும் என்பதால், இக்கோள்கள் விரைந்து வளர வேண்டியிருந்தது.

கல்லே சான்று

இவையெல்லாம் நடந்தது எப்போது? விண்கற்கள் விடை தந்தன. கோளாகச் சேராமல் எஞ்சிய பொருளே பெரும்பாலான விண்கற்கள். அமெரிக்காவின் கிளேர் பேட்டர்சன், அரிசோனாப் பெரும்பள்ளத்தைத் தோண்டிய விண்கல்லின் துண்டு உள்ளிட்ட கற்களில் ஈயத்தின் வகைகளை அளந்து, பூமியின் அகவை 455 கோடி ஆண்டு என்று 1956இல் வெளியிட்டார். யுரேனியம் மாறா வேகத்தில் ஈயமாக மாறுவதே அவருக்குக் கடிகாரமாயிற்று. 1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் வீழ்ந்த அயெந்தே விண்கல்லில் வெண்ணிறப் புள்ளிகள் இருந்தன. அத்தகைய புள்ளிகளே சூரிய மண்டலத்தின் மிகத் தொன்மையான திண்பொருள். அவற்றின் அகவை ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டு.

அதே 1969 சூலையில் மாந்தன் நிலவில் கால் வைத்தான். 1972 வரை ஆறு அப்பல்லோப் பயணங்கள் 382 கிலோகிராம் நிலவுக் கல்லையும் மண்ணையும் கொண்டு வந்தன. அவற்றை ஆய்ந்தபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. நிலவின் மேற்பரப்பு ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது. நிலவுக் கல்லின் உயிர்வளி வகைகளோ பூமியின் கல்லோடு ஒத்திருந்தன. 1975இல் ஹார்ட்மனும் டேவிசும், 1976இல் கேமரனும் வார்டும் ஒரு விளக்கம் தந்தனர். செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் இளம்பூமியின்மேல் மோத, அதில் சிதறிய பொருள் திரண்டு நிலவாயிற்று என்பதே அது. 1984இல் ஹவாயில் கூடிய அறிஞர் மாநாட்டுக்குப் பின் இக்கருத்தே முதன்மை பெற்றது. மோதலின் நுணுக்கங்கள் பற்றிய ஆய்வு இன்றும் தொடர்கிறது.

ஒரே பிறப்பு, வெவ்வேறு வாழ்வு

உடன்பிறந்த பிள்ளைகள் ஒரே வீட்டில் வளர்ந்தும் வெவ்வேறு இயல்பினராய் இருப்பதில்லையா? கோள்களும் அப்படியே.

செவ்வாயின் பொருண்மை பூமியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். சிறிய உடல் விரைவில் குளிரும். உள்ளே வெப்பம் தணிந்ததால், அதன் கோளளாவிய காந்தப்புலம் மறைந்தது. வளிமண்டலத்தின் பெரும்பகுதி நாளடைவில் விண்வெளிக்குக் கசிந்தது. ஆறுகள் ஓடிய தடங்கள் மட்டும் அங்கே எஞ்சியுள்ளன. வெள்ளி ஏறத்தாழப் பூமியின் அளவே உடையது. ஆனால், அடர்ந்த கரியமில வளி வெப்பத்தைச் சிறைபிடித்ததால், அதன் தரையில் வெப்பம் 460 பாகை செல்சியசு அளவுக்கு உள்ளது. நடுவில் நம் பூமி நீரைக் காத்துக்கொண்டது, உயிரைத் தாங்கியது. ஒரு கோளின் அளவும், அது நிற்கும் இடமும், அதன் வளிமண்டலமும் அதன் ஊழை எப்படி மாற்றும் என்பதற்கு இம்மூன்று கோள்களே போதிய பாடம். வளிமண்டலத்தைப் பேணவேண்டும் என்று மாணவர்க்குச் சொல்வதற்கும் வெள்ளியைவிடச் சிறந்த சான்று இல்லை.

விடை இன்னும் வளர்கிறது

1995இல் மிசேல் மேயரும் திதியே கெலோவும் நம் கதிரவனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்தனர். வியாழனில் பாதியளவு பொருண்மை உடைய அக்கோள், தன் விண்மீனை நான்கே நாளில் சுற்றுகிறது! பெருங்கோள் அவ்வளவு அருகில் பிறக்க இயலாது என்றே கருதப்பட்டது. கோள்கள் பிறந்த இடத்திலேயே இருப்பதில்லை, இடம்பெயர்வதும் உண்டு என்னும் கருத்துக்கு அது வலுவூட்டியது. அவ்விருவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். 2025 செப்டம்பரில், இவ்வாறு உறுதி செய்யப்பட்ட கோள்களின் எண்ணிக்கை 6000ஐ எட்டியது. விண்மீன்கள் தற்செயலாக நெருங்கினால்தான் கோள் பிறக்கும் என்றால், இத்தனை கோள்கள் இருக்க முடியுமா?

2014இல் சிலி நாட்டில் உள்ள ஆல்மா தொலைநோக்கி, ஏறத்தாழ 450 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஓர் இளம் விண்மீனைப் படம் பிடித்தது. விண்மீனைச் சுற்றித் தட்டும், தட்டில் வட்டவட்டமான இடைவெளிகளும் அப்படத்தில் தெளிவாகத் தெரிந்தன. காண்டும் இலாப்பிலாசும் மனக்கண்ணால் கண்டதை மாந்தர் நேரில் கண்ட நாள் அது. சப்பானின் ஹயபூசா 2 விண்கலம் 2020இல் ரியூகு சிறுகோளிலிருந்து 5.4 கிராம் மண்ணையும், அமெரிக்க விண்கலம் 2023இல் பென்னு சிறுகோளிலிருந்து 121.6 கிராம் மண்ணையும் கொண்டு வந்தன. உயிருக்கு அடிப்படையான அமினோ அமிலங்கள் இரண்டிலும் காணப்பட்டன.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, 'கதிரவனிலிருந்து பிய்ந்த துண்டு' என்னும் விடைக்கு வகுப்பிலும் இல்லத்திலும் ஓய்வு கொடுப்போம். 'கதிரவனும் கோள்களும் ஒரே முகிலில் பிறந்தவை' என்று ஒரே வரியில் சொன்னாலும் அது சரியான விடையே.

இரண்டாவதாக, விடையை மட்டும் சொல்லாமல், அது எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்வோம். இலாப்பிலாசின் கருத்து வீழ்ந்தது, பிறகு திருந்திய வடிவில் எழுந்தது. ஜீன்சு பேரறிஞர்தாம், எனினும் கணக்கு ஒத்துவராதபோது அவர் கருத்து ஒதுக்கப்பட்டது. சொன்னவர் யார் என்பதைவிடச் சான்று என்ன என்பதே பெரிது என்னும் பண்பு, தேர்வுப் புள்ளியைக் காட்டிலும் பிள்ளைகளுக்கு நெடுநாள் உதவும்.

மூன்றாவது, மொழி. 2003இல் நம் நாட்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியதையும், 2009இல் அம்முடிவு மாற்றப்பட்டதையும், 2016 முதல் இருமொழித் திட்டம் வந்ததையும் நாம் கண்டோம். 'தமிழில் அறிவியல் படித்தால் பிள்ளை பின்தங்கிவிடுமா?' என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சந்திரசேகர் ஆங்கிலத்தில்தான் எழுதினார். சாஃப்ரனோவ் ஆங்கிலத்தின் வழியாகத்தான் உலகை அடைந்தார். ஆனால், பத்து அகவைப் பிள்ளை 'ஏன்?' என்று முதலில் கேட்பது வீட்டில் பேசும் மொழியில்தான். அந்த 'ஏன்'-க்குத் தமிழில் தெளிவான, பிழையற்ற விடை கிடைத்தால், தமிழ் அறிவியலுக்கு ஆகாது என்று அவன் எண்ண மாட்டான். கிடைக்காவிட்டால் அப்படி எண்ணுவான். அவ்வெண்ணத்துக்கு நாமே பொறுப்பாவோம்.

இன்றிரவு வானம் தெளிந்திருந்தால் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். நிலவையோ வியாழனையோ காட்டி, 'இதுவும் நாமும் ஒரே தூசியில் பிறந்தவர்கள்' என்று தமிழில் சொல்லுங்கள். அடுத்து அவர்கள் கேட்கப் போகும் கேள்விக்கு ஆயத்தமாகவும் இருங்கள்.